மூடியில் ஒரு பெயர், உள்ளே ஒரு பேனல்

சிப்காட் கம்பெனிகளிலிருந்து கொட்டேஷன் கேட்டு வரும் மெயில் பெரும்பாலும் ஒரே வரிதான். "15.6 இன்ச், எஃப்.எச்.டி., ஐ5, 16 ஜி.பி., 512 எஸ்.எஸ்.டி., 5 எண்ணம்." மூன்று கடைகளிலிருந்து விலை போகும். பர்ச்சேஸில் ஒரு ஷீட் போட்டு ஒப்பிடுவார்கள். எல்லாக் கட்டத்திலும் ஒரே எழுத்து, ஒரே எண். விலையில் மட்டும் ஒன்று நாலாயிரம், ஐயாயிரம் கீழே நிற்கும். அதற்கே பி.ஓ. போகும். அந்த நாலாயிரம் எங்கே குறைந்தது என்று யாரும் கேட்பதில்லை. பிராசஸர், ராம், டிஸ்க் மூன்றையும் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டார்கள், அங்கே கை வைக்க முடியாது. மிச்சம் இருப்பது பேட்டரி, பாடி, திரை. பேட்டரியின் வித்தியாசம் ஆறு மாதத்தில் தெரியும், பாடியின் வித்தியாசம் கீல் உடையும்போது தெரியும். திரையின் வித்தியாசத்தைத் தினமும் எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆனாலும் ஸ்பெக்கில் அதற்குக் கிடைப்பது 'எஃப்.எச்.டி.' என்ற மூன்றெழுத்துதான்.

கும்மிடிப்பூண்டியில் லேப்டாப் விற்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். உருக்காலை, ரோலிங் மில், கெமிக்கல், வாகன உதிரி பாகம் என்று சிப்காட்டில் இருக்கிற பலதரப்பட்ட ஆலைகளுக்கு ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்துச் செய்கிறேன். திருவள்ளூர் காக்களூர் எஸ்டேட்டிலும் சில வாடிக்கையாளர்கள் உண்டு. இரண்டு ஊரும் ஒரே மாவட்டம் என்று பெயர். ரயிலில் போக நினைத்தால் சென்னைக்குப் போய் வண்டி மாறித்தான் போக வேண்டும். பெரியபாளையம் வழியாக பைக்கிலேயே போய்விடுவேன்.

அந்தக் காக்களூரில்தான், 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தை ஜெயலலிதா தொடங்கிவைத்தார். தமிழக அரசின் எல்காட் விட்ட டெண்டர், முதல் ஆண்டுக்கே 9 லட்சத்துக்கு மேல். ஒரே கம்பெனியால் ஆகிற காரியமில்லை, பல கம்பெனிகள் பங்கு போட்டு சப்ளை செய்தன. 14 இன்ச் திரை, 1366க்கு 768 புள்ளி, விண்டோஸும் பாஸ் லினக்ஸும் இரண்டும் உண்டு. ஒன்றிரண்டு வருடத்தில் அவை வரிசையாக என் மேஜைக்கு வரத் தொடங்கின. பையில் வைத்து பஸ்ஸில் நெருங்கியது, மூடிக்குள் பேனாவை வைத்து மூடியது, தம்பி ஏறி மிதித்தது. எல்லாம் திரை உடைந்த கேஸ்.

பேனல் மாற்றுகிற வேலை எனக்குப் பாடம் நடத்தியது. மூடியில் வெவ்வேறு பிராண்டு. ஓரத்துச் சட்டத்தைக் கழற்றி, நாலு ஸ்குரூவை எடுத்துப் பேனலைத் திருப்பிப் பார்த்தால் அங்கே வேறொரு குடும்பம். ஒன்று எல்.ஜி., ஒன்று சாம்சங், ஒன்று தைவானின் ஏ.யு. ஆப்டிரானிக்ஸ், ஒன்று சிமெய். 40 பின் கனெக்டரும் ஸ்குரூ ஓட்டைகளும் பொருந்திவிட்டால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்கார்ந்துகொள்ளும். ஒரே பிராண்டு, ஒரே மாடல், ஒரே பள்ளிக்கு வந்த இரண்டு மெஷினைத் திறந்தால் இரண்டு கம்பெனியின் பேனல் இருந்திருக்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆன் செய்தால் ஒன்றின் வெள்ளை நீலத்துக்குச் சாயும், இன்னொன்று மஞ்சளுக்கு. தனித்தனியாகப் பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது. பிள்ளைகளுக்குக் கொடுக்கிற மெஷினில் அது பெரிய விஷயமும் இல்லை.

பெரும்பாலான லேப்டாப் கம்பெனிகள் திரை செய்வதில்லை. நமக்குப் பக்கத்தில் ஸ்ரீபெரும்புதூரில் 2007 முதல் டெல் தொழிற்சாலை இருக்கிறது. பூட்டுகிற வேலை இங்கே நடக்கும், பேனல் கொரியா, தைவான், சீனாவிலிருந்து வரும். ஒரே ஆளிடம் வாங்கினால் அவன் கை ஓங்கிவிடும் என்று ஒவ்வொரு மாடலுக்கும் இரண்டு மூன்று பேரிடம் வாங்குவார்கள். பெட்டிமேல் இருக்கும் பெயரை வைத்து உள்ளே இருக்கும் பேனலைச் சொல்ல முடியாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

வெளிச்சம், நிறம், புள்ளி என்று திரைக்கு எத்தனையோ அளவுகள் இருந்தாலும் தொழிற்சாலையில் முதலில் கேட்க வேண்டியது கோணம். ஒரு ஆலையில் 2018 வாக்கில் மெயின்டெனன்ஸுக்கு ஒரே பி.ஓ.வில் ஒரே மாடல் லேப்டாப்கள் வாங்கினார்கள், வேறு கடையில். ஆலை மெஷின்களை ஓட்டும் பி.எல்.சி.யின் புரோகிராம் பார்ப்பதற்கு. ஷிஃப்ட் எலெக்ட்ரீஷியன் ஒரு தம்பி எனக்கு போன் செய்தான். "அண்ணே, இந்த லேப்டாப்ல மட்டும் எது ஆன், எது ஆஃப்னே தெரியல. அந்த ஷிஃப்ட்டுக்காரன் லேப்டாப்ல பளிச்சுனு தெரியுது. பிரைட்னஸ் ஃபுல்லாதான் வச்சிருக்கேன்."

நேரில் போய்ப் பார்த்தேன். கண்ட்ரோல் பேனல் கதவைத் திறந்துவைத்து, கேபிளைச் செருகி, லேப்டாப்பைத் தரையில் ஒரு அட்டைப்பெட்டி மேல் வைத்திருந்தான். அங்கே மேஜைக்கு இடமில்லை, எந்த ஆலையிலும் இருப்பதில்லை. ஒரு கையில் மல்டிமீட்டர், நின்றபடியே மேலிருந்து திரையைப் பார்க்கிறான். லேடர் புரோகிராமில் மின்சாரம் ஓடுகிற கிளை பச்சையாகத் தெரிய வேண்டும். மேலிருந்து பார்க்கையில் பச்சை, வெள்ளை, சாம்பல் எல்லாம் ஒரே வெளுப்பு. குனிந்து நேராகப் பார்த்தால் பச்சை இருக்கிறது.

அது டி.என். பேனல். திரைக்குள் இருக்கும் திரவப் படிகங்கள் முறுக்கிக்கொண்டு நிற்கும், மின்னழுத்தம் கொடுத்தால் பார்ப்பவரை நோக்கி நிமிரும். அதனால் நேராகப் பார்த்தால் ஒரு நிறம், மேலிருந்து பார்த்தால் வெளுப்பு, கீழிருந்து பார்த்தால் கறுத்து, சில நிறங்கள் தலைகீழாகவும் மாறும். மயில்கழுத்துப் பட்டுச்சேலையில் நடந்தால் நிறம் மாறுவது அழகு, அதற்குத்தான் கூடுதல் காசு. திரையில் அதே குணம் ஆளைக் கொல்லும். ஐ.பி.எஸ். பேனலில் படிகங்கள் கண்ணாடிக்கு இணையாகப் படுத்த வாக்கிலேயே திரும்பும். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் நிறம் அதிகம் அசையாது. ஜப்பானின் ஹிட்டாச்சி 1996இல் சந்தைக்குக் கொண்டுவந்த நுட்பம் அது. விலை குறைந்த லேப்டாப்புக்கு இறங்கி வர இருபது வருடம் ஆகியிருக்கிறது.

தம்பியின் மெஷினிலும் மற்ற ஷிஃப்ட் மெஷினிலும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். மானிட்டர் என்ற தலைப்பின்கீழ் பிராபர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ், ஹார்டுவேர் ஐ.டி. அங்கே மூன்றெழுத்தும் நாலு இலக்கமும் இருக்கும். மூன்றெழுத்து, பேனல் செய்தவர் யார் என்று சொல்லும்: ஏ.யு.ஓ., பி.ஓ.இ., எல்.ஜி.டி., சி.எம்.என். என்று. சி.எம்.என். என்றால் பழைய சிமெய், இப்போது இன்னோலக்ஸ். இரண்டு மெஷினிலும் எழுத்து வேறு, இலக்கமும் வேறு. பில்லில் இரண்டுக்கும் ஒரே வரி, 'எஃப்.எச்.டி. ஆன்டி கிளேர்'. பொய்யில்லை. இரண்டும் எஃப்.எச்.டி.தான், இரண்டும் ஆன்டி கிளேர்தான்.

பேனலின் முழு எண் கிடைத்தால் இன்னும் தெளிவு. ஏ.யு. பேனலில் அளவுக்குப் பின் எச்.ஏ.என். என்று வந்தால் ஐ.பி.எஸ். வகை, எச்.டி.என். என்று வந்தால் டி.என். பி.ஓ.இ.யில் என்.வி. என்று தொடங்கினால் நல்லது, என்.டி. என்று தொடங்கினால் டி.என். வாங்குவதற்கு முன்பு இதைப் பார்க்க வழியில்லை என்றால் ஸ்பெக் ஷீட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். எச்.பி. தாளில் எஸ்.வி.ஏ. என்று இருந்தால் டி.என்., யு.டபிள்யூ.வி.ஏ. அல்லது ஐ.பி.எஸ். என்று இருந்தால் சரி. டெல் தாளில் டபிள்யூ.வி.ஏ. என்று தேட வேண்டும். லெனோவோவின் பி.எஸ்.ஆர்.இ.எஃப். தாளில் ஒரு மாடலுக்கு எத்தனை வகைத் திரை உண்டு, ஒவ்வொன்றும் எத்தனை நிட்ஸ் வெளிச்சம், எவ்வளவு நிறம் என்று அட்டவணையே இருக்கும். ஒன்றுமே எழுதாமல் 'எஃப்.எச்.டி.' என்று மட்டும் இருந்தால் நான் டி.என். என்றே வைத்துக்கொள்வேன். நல்ல சரக்கு வைத்திருப்பவன் அதைச் சொல்லாமல் விடமாட்டான்.

இப்போது புது லேப்டாப்களில் ஐ.பி.எஸ். பரவலாகிவிட்டது, கோணச் சண்டை பாதி ஓய்ந்தது. சண்டை நிறத்துக்கு மாறியிருக்கிறது. இங்கேதான் ஏமாறுகிறவர்கள் அதிகம். ஐ.பி.எஸ். என்று போட்டிருந்தால் நிறமும் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். தாளில் '45 சதவீதம் என்.டி.எஸ்.சி.' என்று ஒரு வரி இருக்கும். வழக்கமான எஸ்.ஆர்.ஜி.பி. நிறங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் அந்தத் திரை காட்டும் என்று அர்த்தம். '72 சதவீதம் என்.டி.எஸ்.சி.' அல்லது '100 சதவீதம் எஸ்.ஆர்.ஜி.பி.' என்றால் முழுசாகக் காட்டும். பிராசஸர், கீபோர்டு, டிசைன் எல்லாம் ஒன்றாக இருக்கும் இரண்டு மாடலுக்கு நடுவே சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம் இருந்தால் முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

டாலி போடுகிறவருக்கு 45 போதும், கணக்குக்கு நிறம் எதற்கு. எனக்கு இதில் வந்த கேஸ் வயரிங் ஹார்னஸ் செய்கிற ஒரு யூனிட்டில். வயரிங் டிராயிங்கில் சிவப்பு, ஆரஞ்சு, பிரவுன் வயர்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். 45 சதவீதத் திரையில் சுத்தச் சிவப்பு என்பதே கிடையாது. சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் நகர்ந்துவிடும், ஆரஞ்சு பிரவுன் பக்கம் மங்கும். லைனில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் திரையைப் பார்த்துத்தான் வயரை எடுக்கிறார்கள். சூப்பர்வைசர் அக்கா என்னிடம் சொன்னது: "பிரின்ட்ல தெரியுது சார், ஸ்கிரீன்ல குழம்புது. இதுங்களத் திட்டி என்ன பண்றது?" அந்த லைனுக்கு மட்டும் முழு நிறத் திரை போட்ட மெஷின் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பர்ச்சேஸ் மேனேஜர் கூப்பிட்டார்.

"என்னப்பா, அதே மாடல், அதே ஐ5. டிஸ்ப்ளேக்குப் போய் எக்ஸ்ட்ரா காசா? அங்க என்ன சினிமாவா பாக்குறாங்க?"

"சினிமா பாத்தா 45 போதும் சார். வயர் பாக்குறாங்க."

இரண்டு மெஷினையும் அவர் மேஜையில் வைத்து அந்த டிராயிங்கையே திறந்து காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அன்றிலிருந்து அந்தக் கம்பெனி மெயிலில் ஸ்பெக் வரி கொஞ்சம் நீளம். மற்ற டிபார்ட்மென்டுக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள், அது தேவையில்லாத செலவு. அதைச் சொன்னால் என் வியாபாரம்தான் குறையும், இருந்தாலும் சொல்கிறேன்.

நிறம் பார்க்கிற வேலைக்கு இன்னொரு தொல்லை உண்டு. பேட்டரியில் ஓடும்போது மின்சாரம் மிச்சம் பிடிக்க இன்டெல், ஏ.எம்.டி. இரண்டின் கிராபிக்ஸும் தாமாகவே வெளிச்சத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் மாற்றும். கறுப்புப் பின்னணியில் கேட் (CAD) டிராயிங் திறந்தால் திரை மெல்ல மங்குவதாகப் புகார் வரும். பேனல் குறையில்லை அது. கிராபிக்ஸ் செட்டிங்கில் அணைத்துவிட்டால் போதும்.

வெளிச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டியூப்லைட் போட்ட ஆபீஸுக்கு 250 நிட்ஸ் போதும். 220க்கும் 250க்கும் கண்ணால் வித்தியாசம் காண முடியாது, அதற்காகப் பேரம் பேச வேண்டாம். பக்கம் திறந்த ஷெட்டில், கூரையில் ஒளிபுகும் ஷீட் போட்ட இடத்தில் 300க்குக் கீழே வாங்கக்கூடாது. எடைமேடை கேபின்தான் மோசமான இடம். மூன்று பக்கமும் கண்ணாடி, மேற்கு வெயில், வெளியே நிற்கும் லாரியின் முகப்பு திரையில் அப்படியே தெரியும். அங்கே பளபளப்பான திரை வைத்தால் 400 நிட்ஸும் உதவாது, சொரசொரப்பான மேட் திரைதான் வேண்டும். அதைவிட மலிவான வைத்தியம், மேஜையைத் திருப்பிப் போடுவது. ஒரு கேபினில் நான் விற்க வந்ததை விட்டுவிட்டு மேஜையைத் திருப்பிவிட்டு வந்தேன்.

புள்ளி கூடினால் நல்லது என்பதும் எல்லோருக்கும் பொருந்தாது. 15.6 இன்ச்சில் 1366க்கு 768 என்றால் ஒரு இன்ச்சுக்கு 100 புள்ளி. அதே அளவில் எஃப்.எச்.டி., அதாவது 1920க்கு 1080, என்றால் 141. 14 இன்ச் எஃப்.எச்.டி. என்றால் 157. எழுத்து கூர்மையாகும், சிறிதாகவும் ஆகும். ரிட்டயர் ஆகப்போகிற ஒரு அக்கவுண்டன்டுக்கு 14 இன்ச் எஃப்.எச்.டி. கொடுத்தார்கள். "தம்பி, என் பழசையே குடுத்துடு" என்று கேட்டு வாங்கிக்கொண்டார். 125 சதவீதம் ஸ்கேலிங் வைத்துத் தருகிறேன் என்றேன். கேட்கவில்லை. அவர் பழைய டாலியில் ஸ்கேலிங் போட்டால் எழுத்து மங்கலாகத்தான் வரும், அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எக்ஸெலில் கிடப்பவர்களுக்கு நான் சொல்வது 1920க்கு 1200 திரை. 1080ஐவிட உயரம் 120 புள்ளி அதிகம், எக்ஸெலில் ஆறு வரி கூடுதலாகத் தெரியும். நாள் முழுக்க ஸ்குரோல் செய்கிறவருக்கு அந்த ஆறு வரியின் அருமை தெரியும்.

நைட் ஷிஃப்ட்காரர்கள் கண்வலி, தலைவலி என்று சொன்னால் கேலி செய்யாமல் ஒரு சோதனை செய்வேன். சில பேனல்கள் வெளிச்சத்தைக் குறைக்க விளக்கை வேகமாக அணைத்து அணைத்து ஏற்றும். முழு வெளிச்சத்தில் அது இருக்காது, இரவில் குறைத்து வைக்கும்போதுதான் வரும். செல்போன் கேமராவைத் திரைக்கு நேரே பிடித்து வெளிச்சத்தைக் கால்வாசிக்கு இறக்கினால் கேமராவில் கறுப்புப் பட்டைகள் ஓடும். எல்லோரையும் அது பாதிப்பதில்லை. பாதிக்கிறவர்களுக்கு வெளிச்சத்தைக் கூட்டி வைத்துவிட்டு விண்டோஸில் டார்க் மோட் போட்டுக் கொடுப்பேன், பாதிப் பேருக்குக் குணமாகும்.

செகண்ட் ஹேண்டில் இந்தப் பேனல் விளையாட்டு இன்னும் பழசு. சென்னை ரிச்சி தெருவுக்குக் கம்பெனி லீஸ் முடிந்த மெஷின்கள் கட்டுக்கட்டாக வரும். திங்க்பேட் எக்ஸ்220 என்ற 2011ஆம் வருட மாடல் நல்ல உதாரணம். 12.5 இன்ச், 1366க்கு 768. டி.என். திரையோடும் விற்றார்கள், ஐ.பி.எஸ். திரையோடும் விற்றார்கள். புள்ளிக் கணக்கு இரண்டிலும் ஒன்றே. கட்டிலிருந்து எடுத்து ஆன் செய்து, மூடியை முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். வியாபாரிகள் பலருக்கே அப்போது தெரியாது, இரண்டையும் ஒரே விலைக்குக் கொடுத்தார்கள். தெரிந்தவர்கள் ஐ.பி.எஸ். மட்டும் பொறுக்கிக்கொண்டு போனோம். இப்போது அவர்களும் சாய்த்துப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள்.

சமீபத்தில் கவரைப்பேட்டை பக்கத்துப் பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் சேர்ந்த ஒரு பெண், அப்பாவோடு வந்தாள். கடையில் ஒரே விலையில் இரண்டு டெமோ பீஸ் இருந்தன. ஒன்று ஓ.எல்.இ.டி., இன்னொன்று 100 சதவீத எஸ்.ஆர்.ஜி.பி. ஐ.பி.எஸ். ஓ.எல்.இ.டி.யில் கறுப்பு என்றால் அப்படியே இருட்டு, நிறம் கண்ணைப் பறிக்கும். அப்பாவுக்கு அதுதான் பிடித்தது. நான் சொன்னேன்: "சார், பாப்பா நாலு வருஷம் கேட் போடப்போறா. மேல டூல்பாரும் கீழ டாஸ்க்பாரும் ஒரே இடத்துல நிக்கும். ஓ.எல்.இ.டி.ல ஒரே படம் ரொம்ப நாள் நின்னா அச்சு விழுற வாய்ப்பு உண்டு. இப்ப முன்னமாதிரி இல்ல, ஆனாலும் உண்டு. வெளிச்சம் கம்மி வச்சா சில மெஷின்ல கண்ணும் வலிக்கும்." கண்ட்ரோல் ரூமில் இரவும் பகலும் ஒரே ஸ்கிரீன் நிற்கிற இடத்துக்கு நான் ஓ.எல்.இ.டி. தருவதே இல்லை. படிக்கிற பிள்ளைக்கு அத்தனை கண்டிப்பு தேவையில்லை, பாட்டும் படமும் அவளும் பார்ப்பாள்தான்.

அந்தப் பெண் பதில் சொல்லாமல் இரண்டையும் வாசல் படிக்கு எடுத்துப் போய் வெயிலில் பார்த்தாள். உள்ளே வந்து ஒரு டிராயிங்கைத் திறந்து, எழுந்து நின்று, பக்கத்தில் சாய்ந்து, அப்பாவை எதிர்ப்பக்கம் நிற்கவைத்துப் பார்த்தாள். ஐ.பி.எஸ்.ஸே போதும் என்றாள். சீல் உடைக்காத பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். டெமோ பீஸின் அடியில் ஒட்டியிருந்த எண்ணையும் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த எண்ணையும் போனில் படமெடுத்து ஒப்பிட்டாள். மாடல் பெயர் ஒன்று. கடைசி இரண்டு எழுத்து வேறு. தாளைத் தேடிப் பார்த்தோம், பெட்டியில் இருந்தது 45 சதவீதம். டீலரிடம் திருப்பியனுப்பிச் சரியான எண்ணைக் கேட்டேன். வருவதற்கு அடுத்த வாரம் ஆயிற்று, அதுவரை அட்வான்ஸாக ஐநூறு ரூபாய்தான் தருவேன் என்றார் அப்பா.